கெர்னல் மாட்யூலும் யூசர்லேண்டும் முட்டிக்கொள்ளும்போது: பதிப்புச் சிக்கலைப் பிடிக்கவும் தவிர்க்கவும் முழு வழிகாட்டி

இரவோடு இரவாகத் தானியங்கி அப்டேட் ஓடி முடிந்திருக்கும். காலையில் ஜிபியு சர்வரில் நுழைந்து 'என்விடியா-எஸ்எம்ஐ' என்று தட்டினால், "ஃபெயில்டு டு இனிஷியலைஸ் என்விஎம்எல்: டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்" என்று ஒரே வரி வந்து நிற்கும். பேக்கேஜ் மேனேஜரான ஆப்ட்டைக் கேட்டால் எல்லாப் பேக்கேஜும் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று சாதிக்கும். ஆப்ட் சொல்வதும் உண்மைதான். அது பார்ப்பது டிஸ்க்கில் கிடக்கும் ஃபைல்களை. கெர்னல் மாட்யூல் (டிரைவர் போல, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஏற்றப்படும் நிரல்) ஓடுவதோ மெமரியில். டிஸ்க்கில் ஃபைலை மாற்றிவிட்டால் மெமரியில் ஏறியிருப்பது தானாக மாறிவிடாது.

கெர்னல் மாட்யூல் தொடர்பான பதிப்புச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. பேக்கேஜ் மேனேஜர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் இதை அதனால் முழுதாக அடைக்க முடியாது. மீதியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழே உதாரணங்கள் டெபியன், உபுண்டு வழியில் இருக்கும். ஃபெடோராவும் ஃப்ரீபிஎஸ்டியும் தேவையான இடத்தில் வரும். கட்டளைகளை வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

யார் யாரோடு ஒத்துப்போக வேண்டும்?

மூன்று எல்லைகள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி நேரம் வீணாகிறது.

முதலாவது, கெர்னலுக்கும் சாதாரண யூசர்லேண்ட் (கெர்னலுக்கு வெளியே ஓடும்) புரோகிராமுக்கும் நடுவே உள்ள எல்லை. இது பாறைபோல் உறுதியானது. யூசர்லேண்டை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காக்கும் விதி. சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) ஒன்று வெளிவந்துவிட்டால் அதை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதனால் புதுக் கெர்னலில் பழைய புரோகிராம் ஓடுமா என்ற கவலை அனேகமாகத் தேவையில்லை.

இரண்டாவது, கெர்னலுக்கும் மாட்யூலுக்கும் நடுவே உள்ளது. இங்கே எந்த உத்தரவாதமும் கிடையாது, அதுவும் வேண்டுமென்றே. கெர்னலுக்கு உள்ளே நிலையான ஏபிஐ (பகுதிகள் ஒன்றையொன்று கூப்பிடும் முறை) ஏன் இல்லை என்பதற்கு கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதிய விளக்கம் கெர்னல் ஆவணங்களிலேயே இருக்கிறது. கெர்னல் மரத்துக்குள் (கெர்னலின் சொந்த மூலநிரல் தொகுப்புக்குள்) இருக்கும் டிரைவர் என்றால், உள்ளே ஒரு ஃபங்ஷனை மாற்றுகிறவரே அதைக் கூப்பிடும் இடங்களையும் திருத்திவிடுவார். வெளியே இருக்கும் மாட்யூலுக்கு அப்படிச் செய்ய யாரும் இல்லை. 2019-இல் வந்த லினக்ஸ் 5.0-இல், இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் நம்பியிருந்த, எஃப்பியு (பிராசஸரின் தசமக் கணக்குப் பகுதி) தொடர்பான ஒரு ஃபங்ஷனின் எக்ஸ்போர்ட் (மாட்யூல்கள் அதைக் கூப்பிட விடும் திறப்பு) நீக்கப்பட்டது. செக்சம் கணக்கை வேகப்படுத்தும் வழி இசட்எஃப்எஸ்ஸுக்கு அடைபட்டது. அந்தக் குழு மாற்றுவழி எழுத வேண்டியதாயிற்று. இசட்எஃப்எஸ்ஸின் சிடிடிஎல் உரிமம் கெர்னலின் ஜிபிஎல்லோடு சேராததால் அது மரத்துக்கு வெளியேதான் வாழ்கிறது. இந்த மாதிரி அடி அதற்குப் புதிதல்ல.

மூன்றாவது, மாட்யூலுக்கும் அதன் சொந்த யூசர்லேண்ட் கருவிக்கும் நடுவே உள்ளது. இது ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி. என்விடியாவில் எண் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். விபிஎன் மாட்யூலான வயர்கார்டில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. பொதுவிதி என்று எதையும் சொல்ல முடியாது என்பதால், புது மாட்யூல் ஒன்றை சர்வரில் ஏற்றும் முன் நீங்கள் தேடிப் படிக்க வேண்டியது இதைத்தான்.

படி 1: ஐந்து எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

எதையும் அன்இன்ஸ்டால் செய்யும் முன் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

- இப்போது ஓடும் கெர்னல்: 'யூநேம் -ஆர்'.
- டிஸ்க்கில் நிறுவியிருக்கும் கெர்னல்கள்: 'டிபிகேஜி -எல்' பட்டியலில் லினக்ஸ்-இமேஜ் என்று தொடங்குபவை.
- மெமரியில் ஏறியிருக்கும் மாட்யூல்: '/சிஸ்/மாட்யூல்/' அடைவில் மாட்யூலின் பெயருக்குக் கீழே 'வெர்ஷன்' என்ற ஃபைல். என்விடியாவுக்கு '/ப்ராக்/டிரைவர்/என்விடியா/வெர்ஷன்'.
- டிஸ்க்கில் இருக்கும் மாட்யூல்: 'மோட்இன்ஃபோ' கட்டளையும் மாட்யூல் பெயரும்.
- யூசர்லேண்ட் பேக்கேஜ்: 'டிபிகேஜி -எல்', அல்லது கருவியின் சொந்த வெர்ஷன் கட்டளை.

மூன்றாவதையும் நான்காவதையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். மோட்இன்ஃபோ படிப்பது டிஸ்க்கில் உள்ள ஃபைலை. மெமரியில் நேற்றைய மாட்யூல் ஓடிக்கொண்டிருக்கும். மோட்இன்ஃபோ இன்றைய எண்ணைக் காட்டும். "மாட்யூலும் லைப்ரரியும் ஒரே எண்தானே, பிறகு ஏன் மிஸ்மேட்ச் என்கிறது?" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் மோட்இன்ஃபோவை மட்டும் பார்த்தவர்கள். கெர்னலோடு வரும் பல மாட்யூல்களுக்கு இந்த 'வெர்ஷன்' ஃபைலே இருக்காது. அவற்றின் பதிப்பு கெர்னலின் பதிப்புதான்.

இசட்எஃப்எஸ் இந்த விஷயத்தில் ரொம்ப நாகரிகமானது. 'இசட்எஃப்எஸ் வெர்ஷன்' என்று தட்டினால் இரண்டு வரி வரும்: முதல் வரி யூசர்லேண்ட், 'கேமோட்' என்று வரும் இரண்டாம் வரி மெமரியில் ஏறியிருக்கும் மாட்யூல். எல்லாக் கருவியும் இப்படிச் சொன்னால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்பட்டிருக்காது.

படி 2: மாட்யூல் ஏறவே மாட்டேன் என்றால்

மாட்யூலை ஏற்றும் மோட்ப்ரோப் கட்டளை பிழை சொன்னால் அந்த ஒற்றை வரியோடு நிற்காமல் உடனே 'டிமெஸ்க்' (கெர்னலின் செய்திப் பதிவு) பாருங்கள். உண்மையான காரணம் அங்கேதான் இருக்கும். அடிக்கடி வருபவை நான்கு.

"வெர்ஷன் மேஜிக்" என்று தொடங்கி, இது இருக்கிறது, அது இருக்க வேண்டும் என்று இரண்டு சரங்களைக் காட்டினால், மாட்யூல் வேறு கெர்னலுக்காகக் கட்டப்பட்டது. ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் வெர்மேஜிக் என்ற சரம் இருக்கிறது. கெர்னல் பதிப்பு, எஸ்எம்பி, ப்ரீஎம்ப்ட் போன்ற அமைப்புகள் எல்லாம் அதில் அடங்கும். 'மோட்இன்ஃபோ -எஃப் வெர்மேஜிக்' என்று கேட்டால் அதை மட்டும் காட்டும்.

"டிஸ்அக்ரீஸ் அபவுட் வெர்ஷன் ஆஃப் சிம்பல்" என்றால் மாட்வெர்ஷன்ஸ் வேலை செய்திருக்கிறது. இந்த வசதி இயக்கப்பட்ட கெர்னலில், எக்ஸ்போர்ட் ஆகும் ஒவ்வொரு ஃபங்ஷனின் வடிவத்துக்கும் ஒரு சிஆர்சி (சரிபார்ப்பு) எண் கணக்கிட்டு வைக்கப்படும். ஃபங்ஷனின் பெயர் அப்படியே இருந்து, அது வாங்கும் ஸ்ட்ரக்சர் மாறியிருந்தாலும் சிஆர்சி மாறிவிடும். பெயரை மட்டும் நம்பி மாட்யூலை ஏற்றிவிட்டு மெமரியை நாசமாக்குவதைவிட, கதவிலேயே தடுப்பது எவ்வளவோ மேல்.

"அன்நோன் சிம்பல்" என்றால் மாட்யூல் தேடும் ஃபங்ஷன் இந்தக் கெர்னலில் இல்லை, அல்லது அது நம்பியிருக்கும் இன்னொரு மாட்யூல் இன்னும் ஏறவில்லை. இன்ஸ்மோட் வைத்து நேரடியாக ஏற்றினால் இரண்டாவது காரணம் சகஜம். மோட்ப்ரோப் அந்தச் சார்புகளைத் தானே பார்த்துக்கொள்ளும். கைமுறையாக ஃபைலைக் காப்பி செய்திருந்தால் ஒருமுறை 'டெப்மோட் -ஏ' ஓட்டுங்கள்.

"கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்றால் இது பதிப்புச் சிக்கலே இல்லை. செக்யூர் பூட் (கையெழுத்திட்ட நிரலை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) இயங்குகிறது. மாட்யூலில் ஏற்கத்தக்க கையெழுத்து இல்லை. 'மோக்யூடில்' கருவியில் இம்போர்ட் தெரிவைக் கொடுத்து சாவியைப் பதிவு செய்து, ரீபூட்டில் வரும் நீலத் திரையில் உறுதி செய்ய வேண்டும். தொலைவில் இருக்கும் சர்வர் என்றால் கன்சோல் வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்; அந்தத் திரை எஸ்எஸ்ஹெச்சில் வராது.

மோட்ப்ரோப்பில் ஃபோர்ஸ் தெரிவுகள் இருக்கின்றன. வெர்மேஜிக்கையும் சிஆர்சியையும் பார்க்காமல் ஏற்றச் சொல்பவை அவை. தரவு இருக்கும் எந்த மெஷினிலும் அவற்றைத் தொட வேண்டாம்.

படி 3: டிகேஎம்எஸ்ஸை ஒழுங்காக வைத்திருப்பது

டெல் நிறுவனத்தில் உருவான டிகேஎம்எஸ், மாட்யூலின் மூலநிரலை '/யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சி' அடைவில் வைத்துக்கொண்டு, புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் அதற்கேற்ப மறுபடி கட்டித் தருகிறது. கருத்து நல்லதுதான். ஆனால் அது சத்தமில்லாமல் தோற்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. அடுத்த ரீபூட் வரை உங்களுக்குத் தெரியவே வராது.

பெரும்பாலான தோல்விக்குக் காரணம் ஹெடர் பேக்கேஜ் (மாட்யூல் கட்டத் தேவையான கெர்னல் ஃபைல்கள்) இல்லாததுதான். கெர்னல் அப்டேட் ஆகிறது, ஹெடர் கூடவே வரவில்லை, டிகேஎம்எஸ் கட்ட வழியில்லாமல் தாண்டிப் போய்விடுகிறது. குறிப்பிட்ட எண்ணுக்கான ஹெடரை நிறுவுவதோடு நிற்காமல் மெட்டா பேக்கேஜை (எப்போதும் புதுப் பதிப்பைக் கூட்டிவருவதை) நிறுவுங்கள்: டெபியனில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64', உபுண்டுவில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்'. ஹெச்டபிள்யுஇ கெர்னல் (உபுண்டுவின் பழைய வெளியீட்டுக்கு வரும் புதுக் கெர்னல் வரிசை) வைத்திருந்தால் அதற்குரிய ஹெடர் மெட்டா பேக்கேஜ் தனி.

'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' காட்டும் பட்டியலில் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். 'ஆடட்' என்றால் மூலநிரல் மட்டும் இருக்கிறது. 'பில்ட்' என்றால் கட்டியாயிற்று, கெர்னலின் அடைவில் இன்னும் போய்ச் சேரவில்லை. 'இன்ஸ்டால்டு' என்பதுதான் நமக்கு வேண்டியது. நீங்கள் அடுத்து பூட் செய்யப்போகும் கெர்னலின் எண்ணுக்கு நேரே அந்தச் சொல் இருக்க வேண்டும். கட்டுவதில் தோல்வி என்றால் '/வார்/லிப்/டிகேஎம்எஸ்' அடைவுக்குள் மாட்யூல் பெயர், பதிப்பு, பில்ட் என்று உள்ளே போனால் 'மேக்.லாக்' இருக்கும். லாக்கின் கடைசி வரியை விட்டுவிட்டு, முதல் 'எரர்' வரியைத் தேடுங்கள்.

மூலநிரலே புதுக் கெர்னலுக்குத் தயாராகவில்லை என்றால் ஹெடர் இருந்தும் பயனில்லை. ஓபன்இசட்எஃப்எஸ்ஸின் மூலநிரலில் 'மெட்டா' என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கிறது. இந்த வெளியீடு எந்தக் கெர்னல் முதல் எந்தக் கெர்னல் வரை என்பதை லினக்ஸ்-மினிமம், லினக்ஸ்-மேக்ஸிமம் என்ற இரண்டு வரிகள் சொல்லிவிடும். கெர்னலை மாற்றும் முன் அதைப் பார்க்க அரை நிமிடம் போதும்.

அப்புறம், இனிட்ராம்எஃப்எஸ்: பூட்டின் தொடக்கத்தில் மெமரியில் ஏறும் தற்காலிக ஃபைல் தொகுப்பு. மாட்யூல் பூட்டின் ஆரம்பத்திலேயே ஏறும் வகையாக இருந்தால் (ரூட் இசட்எஃப்எஸ்ஸில் இருக்கும் மெஷின் அப்படித்தான்), அதன் நகல் ஒன்று இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும். டிஸ்க்கில் புது மாட்யூல், இனிட்ராம்எஃப்எஸ்ஸில் பழையது என்றால் ரீபூட் செய்த பிறகும் பழையதே ஏறும். "ரீபூட் பண்ணியும் சரியாகவில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' ஓட்டிவிட்டு மறுபடி ரீபூட் செய்யுங்கள்.

ரீபூட்டுக்கு முந்தைய கடைசிச் சோதனை: 'மோட்இன்ஃபோ -கே', அதன்பின் புதுக் கெர்னலின் எண், அதன்பின் மாட்யூல் பெயர். ஓடாத கெர்னலின் அடைவிலும் அது தேடிப் பார்க்கும். "நாட் ஃபவுண்ட்" என்று வந்தால் ரீபூட் செய்யாதீர்கள்.

படி 4: மாட்யூலும் அதன் கருவியும்

ஆரம்பத்தில் சொன்ன என்விடியா பிழையை அருகில் போய்ப் பார்ப்போம். இரவில் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் ஓடி, 535.154.05 என்ற யூசர்லேண்ட் லைப்ரரிகளை 535.161.07-ஆக மாற்றியது என்று வைத்துக்கொள்வோம். மெமரியில் 535.154.05 மாட்யூல் ஏறி இருக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பைத்தான் பயிற்சி வேலை பழைய லைப்ரரியைத் திறந்து வைத்திருப்பதால் தடையின்றி ஓடும். புதிதாகத் தொடங்கும் எதுவும் ஓடாது. டிமெஸ்க்கில் "என்விஆர்எம்: ஏபிஐ மிஸ்மேட்ச்" என்று தொடங்கி, கிளையண்ட் பதிப்பு 535.161.07, கெர்னல் மாட்யூல் பதிப்பு 535.154.05 என்று இரண்டு எண்ணும் தெளிவாக இருக்கும். '/வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்' திறந்தால் எப்போது மாறியது என்ற நேரமும் கிடைத்துவிடும்.

தீர்வு இரண்டு. எளியது ரீபூட். அது முடியாது என்றால் ஜிபியுவைப் பிடித்திருக்கும் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும்: பயிற்சி வேலைகள், டிஸ்ப்ளே சர்வர், என்விடியா-பெர்சிஸ்டன்ஸ்டு சர்வீஸ். யார் பிடித்திருக்கிறார்கள் என்று 'ஃப்யூசர் -வி' காட்டும். '/டெவ்' அடைவில் என்விடியா என்று தொடங்கும் ஃபைல்களை அதற்குக் கொடுங்கள். அதன்பின் ஆர்எம்மோட் வைத்து என்விடியா_யூவிஎம், என்விடியா_டிஆர்எம், என்விடியா_மோட்செட், கடைசியாக என்விடியா என்ற வரிசையில் இறக்கி, மோட்ப்ரோப் மூலம் மறுபடி ஏற்றுங்கள். டிரைவரை முழுவதும் பிடுங்கிப் போட்டு இணையத்தில் கிடைத்த ரன் ஃபைலை வைத்து மறுபடி நிறுவுவதுதான் பலர் செய்வது. அது ஒரு மணி நேர வேலையை ஒரு நாள் வேலையாக்கும். பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாத ஃபைல்கள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். அடுத்த அப்டேட்டில் மறுபடி இதே கதை.

கண்டெய்னர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கண்டெய்னருக்குள் கூடா (என்விடியாவின் ஜிபியு கணிப்புத் தளம்) இருக்கலாம், பைடார்ச் இருக்கலாம். டிரைவர் லைப்ரரி மட்டும் இமேஜுக்குள் இருக்கக் கூடாது. ஹோஸ்ட்டில் இருப்பதை உள்ளே கொண்டுவந்து காட்டுவது என்விடியா கண்டெய்னர் டூல்கிட்டின் வேலை. கண்டெய்னருக்குள் எத்தனை டிஸ்ட்ரோ இருந்தாலும் கெர்னல் ஒன்றுதான், மாட்யூலும் ஒன்றுதான். ஆனால் கூடா டூல்கிட்டுக்கும் டிரைவருக்கும் உள்ள உறவு தளர்வானது: கூடா 12 வரிசைக்கு லினக்ஸில் குறைந்தது 525.60.13 டிரைவர் வேண்டும், அதற்கு மேல் எதுவும் சரி. புது டிரைவரில் பழைய கூடா ஓடும்.

இசட்எஃப்எஸ் இதில் நடுவாந்தரம். உபுண்டு 16.04 முதல் இசட்எஃப்எஸ் மாட்யூல் கெர்னல் பேக்கேஜோடு கட்டப்பட்டே வருகிறது. கருவிகள் 'இசட்எஃப்எஸ்யூடில்ஸ்-லினக்ஸ்' என்ற தனிப் பேக்கேஜில் இருக்கின்றன. ஆகவே ஹெச்டபிள்யுஇ கெர்னல் எகிறும்போது மாட்யூலும் எகிறும், கருவி இருந்த இடத்திலேயே நிற்கும். 22.04-இல் 6.5 கெர்னல் வந்தபோது மாட்யூல் 2.2.0, கருவி 2.1.5 என்று ஆனது. அன்றாட வேலைகள் பெரும்பாலும் நடக்கும். புதிய அம்சங்களைப் பழைய கருவிக்குத் தெரியாது. தரவு வைத்திருக்கும் சர்வருக்கு ஜிஏ கெர்னல் (வெளியீட்டோடு முதலில் வந்த வரிசை) போதும் என்பது என் கருத்து.

வயர்கார்டு எதிர்முனை. 2020-இல் 5.6 கெர்னலோடு மரத்துக்குள் சேர்ந்துவிட்டது. 'டபிள்யுஜி' கருவி நெட்லிங்க் (கெர்னலுக்குச் செய்தி அனுப்பும் வசதி) வழியாகப் பேசுகிறது, அந்த வழி மாறாமல் காக்கப்படுகிறது. கருவியின் பதிப்பைக் கெர்னலோடு ஒப்பிடவே தேவையில்லை. 5.6-க்கு முன் நிறுவிய டிகேஎம்எஸ் பேக்கேஜ் இன்னும் கிடந்தால் அகற்றிவிடுங்கள்.

படி 5: நீங்களே பேக்கேஜ் செய்கிறீர்கள் என்றால்

முதலில் தோன்றும் யோசனை, யூசர்லேண்ட் பேக்கேஜின் டிபெண்ட்ஸ் வரியில் கெர்னல் பேக்கேஜின் எண்ணை எழுதிவிடலாம் என்பது. இது வேலைக்கு ஆகாது. ஒரே மெஷினில் இரண்டு மூன்று கெர்னல் நிறுவியிருப்பார்கள். அவற்றில் எது ஓடுகிறது என்பது ஆப்ட்டுக்குத் தெரியாது. கண்டெய்னருக்குள் நிறுவினால் கெர்னல் பேக்கேஜே இருக்காது.

ஆகவே பிரித்துச் செய்யுங்கள். ஒரே மூலப் பேக்கேஜிலிருந்து கருவி, லைப்ரரி, டிகேஎம்எஸ் என மூன்று பேக்கேஜ்கள் எடுங்கள். கருவிக்கும் லைப்ரரிக்கும் நடுவே சரிசமப் பதிப்பைக் கேளுங்கள். மாட்யூலுக்கு ரெகமெண்ட்ஸ் மட்டும் போதும், அதுவும் மெய்நிகர்ப் பெயரில். டெபியனில் இசட்எஃப்எஸ் இப்படித்தான்: டிகேஎம்எஸ் பேக்கேஜ் 'இசட்எஃப்எஸ்-மாட்யூல்ஸ்' என்ற பெயரை ப்ரொவைட்ஸ் வரியில் அறிவிக்கிறது. நிச்சயமாக உடையும் என்று தெரிந்த பழைய பதிப்பை பிரேக்ஸ் வரியில் எழுதுங்கள்.

ஆர்பிஎம் உலகம் ஒரு படி முன்னே போயிருக்கிறது. ரெட்ஹாட்டில் ஒவ்வொரு கெர்னல் சிம்பலும் அதன் சிஆர்சியோடு ஒரு சார்பாகவே பேக்கேஜில் எழுதப்படுகிறது. ஒரு பெரிய வெளியீட்டின் காலம் முழுக்க மாறாது என்று உறுதி தரப்பட்ட சிம்பல்களின் பட்டியலும் உண்டு. அந்தப் பட்டியலுக்குள் நிற்கும் மாட்யூலை ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் கட்ட வேண்டியதில்லை. ஃபெடோராவில் அந்த உறுதி கிடையாது. அங்கே ஏகேமோட்ஸ் பூட் நேரத்தில் கட்டித் தரும்.

எந்தச் சார்பு வரியும் மெமரியில் இருப்பதைப் பார்க்காது என்பதால், கடைசிக் காவல் உங்கள் நிரலில்தான் இருக்க வேண்டும். கருவி தொடங்கியதும் மாட்யூலிடம் பதிப்பைக் கேட்கட்டும். இதற்கு நல்ல முன்மாதிரி ஃப்யூஸ் (யூசர்லேண்டிலேயே ஃபைல் சிஸ்டம் எழுத விடும் வசதி): இணைப்பின் முதல் செய்தியிலேயே இரு தரப்பும் தங்கள் மேஜர், மைனர் எண்களைச் சொல்லி, இருவருக்கும் தெரிந்த பதிப்பில் பேசத் தொடங்குகின்றன. ஐஆக்டல் (கருவி மாட்யூலுக்குக் கட்டளை அனுப்பும் வழி) எழுதுகிறீர்கள் என்றால் ஸ்ட்ரக்சரின் அளவையும் கூடவே அனுப்புங்கள். புதுப் புலங்களைக் கடைசியில் மட்டும் சேருங்கள். பிழைச் செய்தியில் இரண்டு எண்களையும் அச்சிடுங்கள். வெறும் "இன்வேலிட் ஆர்க்யுமெண்ட்" என்று திருப்பி அனுப்புவது, உங்கள் மாட்யூலைப் பயன்படுத்துபவரின் ஒரு பகலை வாங்கிக்கொள்வது.

படி 6: அப்டேட் எப்போது, எந்த வரிசையில்

'ஆப்ட்-மார்க் ஹோல்டு' போட்டு கெர்னலைக் கட்டி வைப்பது பலரின் முதல் கைவைத்தியம். ஓரிரு வாரத்துக்குச் சரி. மாதக்கணக்கில் விட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் வராது. யார் எப்போது ஹோல்டு போட்டது என்பதும் மறந்துபோகும். அதைவிட, என்விடியா பேக்கேஜ்களை மட்டும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸின் பேக்கேஜ்-பிளாக்லிஸ்ட் பகுதியில் சேர்த்து, அவற்றை ரீபூட் செய்ய முடிகிற நேரத்தில் கையால் அப்டேட் செய்வது மேல். மாட்யூலையும் கருவியையும் ஒரே நேரத்தில் மாற்றி உடனே ரீபூட் செய்தால், டிஸ்க்கும் மெமரியும் வேறுபட்டு நிற்கும் நேரம் சில நிமிடங்களாகச் சுருங்கிவிடும்.

ஃப்ரீபிஎஸ்டியில் இந்த வரிசை எழுதப்பட்ட விதி. மூலநிரலிலிருந்து மேம்படுத்தும்போது முதலில் கெர்னலை நிறுவி, ரீபூட் செய்து, அதன் பிறகே யூசர்லேண்டை நிறுவுவார்கள். புதுக் கெர்னல் பழைய யூசர்லேண்டைத் தாங்கும். தலைகீழாக நடந்தால் உத்தரவாதம் இல்லை. 'ஃப்ரீபிஎஸ்டி-வெர்ஷன் -கேஆர்யூ' என்று கேட்டால் நிறுவிய கெர்னல், ஓடும் கெர்னல், யூசர்லேண்ட் மூன்றையும் வரிசையாகக் காட்டும். லினக்ஸில் இப்படி ஒரே கட்டளை இல்லாதது எனக்குக் குறைதான். ஆனால் டிஆர்எம்-கேமோட் (கிராபிக்ஸ் டிரைவர்) போன்ற மாட்யூல் பேக்கேஜ்கள் அங்கேயும் தொல்லை தரும். மைனர் வெளியீடு மாறினால், பழைய வெளியீட்டில் கட்டிய மாட்யூல் புதியதில் ஏறாமல் போகலாம். போர்ட்ஸிலிருந்து (மூலநிரலிலிருந்து கட்டித் தரும் தொகுப்பு) கட்டிக்கொள்வது நிச்சயமான வழி.

திரும்பிப் போகும் வழியை மூடாதீர்கள். குறைந்தது ஒரு பழைய கெர்னல், அதற்குக் கட்டிய மாட்யூலோடு, க்ரப் மெனுவில் இருக்கட்டும். 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' ஓட்டும் முன் அது எந்தக் கெர்னலை அகற்றப்போகிறது என்று பட்டியலைப் படியுங்கள். இசட்எஃப்எஸ்ஸில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு: புதுப் பதிப்புக்கு மாறியதும் 'இசட்பூல் ஸ்டேட்டஸ்', பூலை (இசட்எஃப்எஸ் ஒன்றாகக் கையாளும் டிஸ்க் தொகுப்பை) அப்கிரேட் செய்யலாம் என்று நினைவூட்டும். பிழை போலத் தெரிந்தாலும் அது வெறும் தகவல். அப்கிரேட் செய்து புதிய அம்சங்கள் செயல்படத் தொடங்கிவிட்டால் பழைய மாட்யூலால் அந்தப் பூலைத் திறக்க முடியாமல் போகலாம், அதைத் திருப்பவும் வழியில்லை. புதுக் கெர்னல் சில வாரம் தொல்லையில்லாமல் ஓடட்டும். இரண்டு மெஷின்களுக்கு நடுவே டிஸ்க்கை மாற்றிப் போடுகிறவர் என்றால், 2.1 முதல் கிடைக்கும் 'கம்பாட்டிபிலிட்டி' பண்பில் உங்களிடம் உள்ள மிகப் பழைய பதிப்பைக் குறிப்பிட்டுவிடுங்கள். பிறகு யாராவது அப்கிரேட் கட்டளையைத் தட்டினாலும் அந்த எல்லைக்குள் உள்ள அம்சங்கள் மட்டுமே இயக்கப்படும்.